குண்டடத்துல எறங்கோணும்

அந்தப் பக்கம் வேண்டாங் கண்ணு, இந்தப் பக்கமா வந்து உக்காரு. சன்னல் எனக்கு வேணும். காத்து வாங்கறதுக்கில்ல. என்ற சோத்துக்கைப் பக்கம் ஆரும் வந்து இடிக்கக் கூடாது, அதுக்குத்தான். சன்னல் கம்பி இடிக்காதான்னு கேப்ப. அதுக்குத்தான் இந்தத் தலகாணி. நானே தெச்சது, உள்ள இலவம்பஞ்சு. அக்குள்ல இடுக்கிக்கிட்டா கையி ஒடம்புல ஒட்டாம நிக்கும். பஸ்ஸு ஏறுனதுலருந்து எல்லாரும் நான் என்னமோ கோழிக்குஞ்ச இடுக்கிட்டுப் போறாப்பல பாக்கறாங்க. பாத்துட்டுப் போகட்டும்.

நீ எங்க போற, தாராபுரமா? நான் குண்டடம். முன்னாலயே எறங்கிருவேன், அப்பறம் சன்னல் உனக்குத்தான்.

மார்ல ஆப்பரேசன் கண்ணு. புத்துநோய். சோத்துக்கைப் பக்கத்து மார முழுசா எடுத்துட்டாங்க, அக்குள்ல இருந்த கட்டியெல்லாம் வழிச்சுட்டாங்க. அட, மூஞ்சிய அப்படி வெக்காத. நீ கேட்ட, நான் சொன்னேன். இதச் சொன்னா எல்லாரும் இப்படித்தான் ஆயிருது. அவங்க எனக்கு ஆறுதல் சொல்றதுக்குப் பதிலா நான் அவங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்குது. நான் திருப்பூர்ல ஜாக்கெட் தெக்கறவ. அம்சவேணி டெய்லருன்னு எங்க வீதியில ஆரக் கேட்டாலும் ஊட்டக் காட்டுவாங்க. ஊருப்பட்ட பொம்பளைங்களுக்கு மாரளவு எடுத்த கையி இது. இப்ப என்ற சொந்த ஜாக்கெட்டுக்கு ஒரு பக்கம் பஞ்சு வெச்சுத் தெச்சிருக்கேன். எந்தப் பக்கம்னு சொல்லு பாக்கலாம். ஓ, நாந்தான் சொல்லிப்போட்டனே. சரி உடு.

காலப் பாத்து வெய்யி. அந்தப் பை உன்ற காலுல உளுந்தா வெரலு நசுங்கிரும். உள்ள இரும்பு வடச்சட்டி. ஆமா, வடச்சட்டியேதான். எங்க நங்கையாளோடது. எங்கூட்டுக்காரரோட அக்கா. பாவாத்தான்னு பேரு. குண்டடத்துல இருக்கறாங்க, புருசன் இல்ல, புள்ள இல்ல, ஒத்தையாத்தான் இருக்கறாங்க. அவங்க சட்டி எங்கூட்டுல கெடந்துச்சு, கொண்டுபோய்க் குடுத்துட்டு வரலாம்னு போறேன். அவ்வளவுதான். வேற சோலி ஒண்ணுமில்ல. டாக்டரு வெயிட்டுத் தூக்கக் கூடாதுன்னாங்க, ஆனா அது இந்தக் கையில. நான் பீச்சாங்கையிலதான தூக்கறேன்.

கோவில்வழி தாண்டிருச்சா? இன்னும் இல்லியா? இந்த டிரைவரு என்ன, மாட்டு வண்டியா ஓட்டறாரு?

சித்த இரு, கைய மாத்தி வெச்சுக்கறேன். ம். இப்படி வெச்சா அங்க இழுக்குது, அப்படி வெச்சா இங்க இழுக்குது. இந்தக் கைய வெக்கறதுக்கு ஒலகத்துல ஒரு எடங் கெடைக்க மாட்டீங்குது கண்ணு.

ஆப்பரேசன் முடிஞ்சு ஊட்டுக்கு அனுப்பும்போது ஒடம்புல ஒரு டியூப்பு, டியூப்போட கடைசில ஒரு டப்பா. உள்ள ஊர்ற தண்ணியெல்லாம் அதுல வந்து எறங்கோணும். மொதல்ல ரத்தமாட்ட வந்துச்சு, அப்பறம் தேத்தண்ணியாட்ட, அப்பறம் வெளக்கெண்ணெயாட்ட மஞ்சளா. இப்படி ஒரு டப்பா தொங்கும்னு நர்சு முன்னாலயே சொல்லியிருந்தாங்க. அதனால ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாலயே அதக் கழுத்துல மாட்டிக்க ஜாக்கெட் துணியில பை தெச்சு வெச்சிருந்தேன். ஒவ்வொரு சேலைக்கும் மேட்ச்சா ஒண்ணு. எங்கூட்டுக்காரரு "இதுலயுமா மேட்ச்சிங்கு?"ன்னு கேட்டாரு. ஏன், கூடாதா?

டியூப்ப உருவுனாங்க. அப்பாடான்னு இருந்துச்சு. ஒரு வாரம் போகல, அக்குளுக்குக் கீழ பொதுபொதுன்னு வீங்கிக்கிச்சு. நடந்தா உள்ள தளும்புது கண்ணு. பால் பாக்கெட்டு இருக்குதில்ல, அதே மாதிரி. கோயமுத்தூரு ஆஸ்பத்திரிக்கு ஓடுனா, ஊசி போட்டு உறிஞ்சி எடுத்தாங்க. ஒடம்பே லேசாயிருச்சு. ஊட்டுக்கு வந்து நாலு நாள்ல மறுக்கா தளும்புது. இவங்க எடுக்கறதும் அது ஊர்றதும், கெணத்துல எறைச்ச கதையாட்டப் போயிட்டே இருக்குது. டாக்டரம்மா சொல்றாங்க, "இது சகஜமுங்க, தானா ஒடம்பு உறிஞ்சுக்கும், பொறுமையா இருங்க"ன்னு. பொறுமை! அது எந்தக் கடையில விக்குதுன்னு சொன்னா வாங்கியாந்துருவேன்.

வலியும் ஒரே மாதிரி இருந்தாத் தேவலை. தெச்ச எடத்துல சுருக்கு சுருக்குன்னு குத்தும். தோளுல கல்லத் தூக்கி வெச்சாப்பல கனக்கும். அக்குள்லயும் இந்தக் கையோட உள்பக்கத்துலயும் தொட்டா ஒண்ணுமே தெரியாது, வேற ஆரோட கையையோ தொடறாப்பல இருக்கும். இதுல பெரிய கூத்து என்னன்னா, இல்லாத மாரு அரிக்குது. நம்புவியா நீ? சொறியலாம்னு கையக் கொண்டுபோனா அங்க ஒண்ணுமே இல்ல. எங்க போய்ச் சொறியறது? உக்காந்தா நிக்கோணும், நின்னா படுக்கோணும், படுத்தா எந்திரிக்கோணும். எங்கூட்டுக்காரரு ஆறுச்சாமி பாவம், கம்பெனி வேன் ஓட்டிப்போட்டு அலுத்து வர்றவரு, என்னையப் பாத்துப் பாத்து அவருக்கும் உக்கார முடியாமப் போச்சு. ரெண்டு பேரும் ஊட்டுக்குள்ள சுத்திச் சுத்தி வந்தோம். அப்பத்தான் அவரு அவங்கக்காளுக்குப் போன் பண்ணுனாரு.

நான் கூப்புடச் சொல்லல. அத நல்லா ஞாபகம் வெச்சுக்க. அவருதான் கூப்பிட்டாரு.

வந்தாங்க. எப்படி? ஒரு சிப்பம் கொள்ளு, இந்த வடச்சட்டி, ரெண்டு சேலை. "உங்கூட்டு ஒட்டாத சட்டியெல்லாம் எதுக்காகும்?"னு கேட்டுட்டே உள்ள வந்தாங்க. வந்ததும் என்ற அக்குள அமுத்திப் பாத்தாங்க. "அம்சா, இது நீர் கோத்துருக்குது. நீர வத்தடிச்சாச் செரியாப் போகும்"னாங்க. டாக்டருக்குப் படிச்சவங்களுக்கெல்லாம் தெரியாதது இவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு.

அன்னையிலருந்து ஊட்டுல சட்டம் கண்ணு. சொரக்காய் கூடாது, பூசணி கூடாது, பொடலங்காய் கூடாது. எல்லாம் நீர்க்காயாம். தயிரு, மோரு, எளநி, ஒண்ணையும் கண்ணுல காட்டல. வெள்ளரிப்பிஞ்ச வீதியில வித்துட்டுப் போறவனத் தொரத்தி உட்டாங்க. காலையில கொள்ளு ரசம், மத்தியானம் கொள்ளுப் பருப்பு, பொழுதோட கொள்ளுச் சுண்டல். நாங்க என்ன குதிரையா? பங்குனி வெயில் மண்டையப் பொளக்குது, தண்ணி கேட்டா ஒரு சின்ன டம்ளர்ல பாதி ஊத்தி, "நெனச்சுக் குடி அம்சா"ங்கறாங்க. குடிக்கற தண்ணியெல்லாம் நேரா அக்குளுக்குத்தான் போகுதாம்! எங்கூட்டுக்காரரு பாவப்பட்டு ஒரு நாள் வேன் சீட்டுக்கடியில எளநிய ஒளிச்சுக் கொண்டாந்தாரு. நான் குடிச்சுப்போட்டு வாயத் தொடச்சுட்டு உள்ள வர்றேன், "எளநி வாசம் வருதே சாமி"ங்கறாங்க அவங்க தம்பியப் பாத்து. அவரு வேனக் கழுவப் போறேன்னு ஓடிட்டாரு.

சிரி, சிரி. உனக்குச் சிரிப்பா இருக்குது. நான் பாத்ரூம்ல கொழாயத் தொறந்து கையில ஏந்திக் குடிச்சேன் தெரியுமா?

இன்னொண்ணும் கேளு. கட்டுப் பிரிச்சதுக்கப்பறம் அந்த எடத்த எங்கூட்டுக்காரரு பாக்கல. பாக்க முடியல அவரால. நானே கண்ணாடியத் திருப்பி வெச்சிருந்தேன். நங்கையாதான் மொத மொதல்ல நேருக்கு நேரா நின்னு பாத்தாங்க. பாத்துப்போட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? "ஏ அம்சா, தையல் நல்லாத்தான் போட்டிருக்கறாங்க. உன்ற தையல உட நேராப் போகுது"ன்னாங்க. எப்படி இருக்கும் எனக்கு? என்ற தொழில என்ற ஒடம்பு மேலயே வெச்சுக் கேலி பண்றாங்க! எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சா தையல் இழுக்குது, வலி உசுரு போகுது, ஆனாலும் சிரிக்கறேன். ஆப்பரேசனுக்கப்பறம் அன்னைக்குத்தான் மொத மொதல்ல சிரிச்சேன். வலிக்க வலிக்கச் சிரிக்க வெச்சாங்க பாரு, அப்படியொரு ஆளு.

செவுரு வேற நாசமாப் போச்சு. கை இறுகிப் போயிரும்னு ஆஸ்பத்திரியில ஒரு பயிற்சி சொல்லிக் குடுத்தாங்க. செவுத்து முன்னால நின்னு வெரல மெதுவா மேல மேல நகத்திட்டுப் போகோணும். என்னால தோளுக்கு மேல போக முடியல, அழுகாச்சியா வரும். நங்கையா பக்கத்துல நின்னுட்டு, வெரலு எது வரைக்கும் போச்சோ அங்க மஞ்சளத் தொட்டு ஒரு பொட்டு வெப்பாங்க. மறுநாளு "நேத்து வெச்ச பொட்டத் தொடு, அதுக்கு மேல ஒரு வெரக்கடை போ"ம்பாங்க. தைப்பொங்கலுக்கு அடிச்ச சுண்ணாம்பு கண்ணு! இப்ப செவுத்துல வரிசையா மஞ்சப் பொட்டு, கீழருந்து மேல. வர்றவங்கல்லாம் இதென்ன சாமி கும்பிடற எடமான்னு கேக்கறாங்க. எங்கூட்டுக்காரரு வெள்ளையடிச்சரலாமான்னாரு. வேண்டாம்னுட்டேன். எதுக்குச் செலவு?

கொடுவாய் வருதா? சரி, சரி. இல்ல, அவசரமில்ல எனக்கு. சும்மா கேட்டேன்.

தலை சீவி உடறதும் அவங்கதான், ஜாக்கெட்டுக்குக் கொக்கி மாட்டறதும் அவங்கதான். எனக்குக் கை பின்னாலயும் போகாது மேலயும் போகாது. சீப்ப எடுத்தா வெடுக்குனு இழுக்க மாட்டாங்க. ஒரு கையில மசுர வேர்ல புடிச்சுக்கிட்டு நுனியிலருந்து சிக்கெடுப்பாங்க. அது ஒண்ணு மட்டும் அவங்ககிட்ட உருப்படி. இப்ப எங்கூட்டுக்காரரு சீவறாரு. வேன் கண்ணாடி தொடைக்கறாப்பல சீவறாரு. பாரு என்ற தலைய.

அப்பறம் அந்த ஒத்தடம். அதுலதான் எல்லாம் கெட்டுப்போச்சு.

ஒரு நாள் தோளு கனத்துக் கனத்து எனக்கு அழுகையே வந்துருச்சு. எங்கயும் நிக்க முடியல. நங்கையா இந்த வடச்சட்டிய அடுப்புல ஏத்தி, கல்லுப்ப வறுத்து, துணியில முடிஞ்சு ஒத்தடம் குடுத்தாங்க. நம்மூட்டுல ஆருக்கு எங்க வலிச்சாலும் அதுதான? முட்டி வலின்னா உப்பு ஒத்தடம், இடுப்புப் புடிச்சா உப்பு ஒத்தடம். தோளுல வெச்சாங்க, எதமா இருந்துச்சு. அக்குள்ல வெச்சாங்க, எனக்கு ஒண்ணுமே தெரியல. "சூடே இல்லீங்க நங்கையா"ன்னேன். மறுக்கா வறுத்தாங்க. அவங்க மணிக்கட்டுல மொதல்ல வெச்சுப் பாத்துட்டுத்தான் எனக்கு வெப்பாங்க. "போதும் அம்சா, என்ற கையே பொறுக்கல"ன்னாங்க. எனக்குத்தான் ஏறலியே! உன்ற தோளு அப்படிக் கனத்தா உனக்குத் தெரியும் கண்ணு. "உங்க கையி பொறுக்கறதுக்கா ஒத்தடம்? எனக்கு ஏறோணுமில்ல? குடுக்கறதுக்கு மனசில்லாட்டிச் சொல்லீருங்க"ன்னேன். ஏதோ வலியில சொல்றதுதான் இதெல்லாம். அவங்க உப்ப இன்னும் வறுத்தாங்க. அன்னாடும் குடுத்தாங்க.

கொப்புளம் வந்துருச்சு கண்ணு. அக்குள்ல. எனக்குத் தெரியவே இல்ல. ஜாக்கெட்டு நனையுதேன்னு பாத்தா தோலு உரிஞ்சு கெடக்குது. தண்ணி முன்ன இருந்தத உட ரெண்டு மடங்கு. காய்ச்ச வேற. வேன எடுத்துட்டு மூணு பேரும் கோயமுத்தூருக்கு ஓடுனோம்.

அந்த டாக்டரம்மா நல்லவங்கதான், ஆனா அன்னைக்கு எரிஞ்சு உளுந்துட்டாங்க. "என்னங்க இது, வெந்து போயிருக்குது? இந்த எடத்துல நரம்பு அறுந்துருக்கு, சூடு கீடு ஒண்ணும் தெரியாது, சூடு வெக்கவே கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லித்தான அனுப்புனோம்? ஆரு பண்ணுனது இது?"ன்னு கேட்டாங்க. சொல்லி அனுப்புனாங்களாம். எங்கிட்டத்தான் சொன்னாங்களாம். இருக்கும். அன்னைக்கு இருந்த நெனப்புல எனக்கு என்ன காதுல ஏறுச்சு? சரி, ஆரு பண்ணுனதுன்னு கேட்டாங்க. நான் நங்கையாளக் கையக் காட்டுனேன்.

கேட்டாங்க, காட்டுனேன். பொய்யா சொன்னேன்? ஒத்தடம் குடுத்தது அவங்கதான? இதுல என்ன தப்பு, நீயே சொல்லு.

டாக்டரம்மா புடிச்சுக்கிட்டாங்க. சுத்தி நர்சுங்க, படிக்கற புள்ளைங்க, கட்டுப் போட வந்த சனங்க, எல்லாரும் பாக்கறாங்க. "உங்களுக்கெல்லாம் எத்தன தடவை சொல்றது? வைத்தியம் பாக்கறது நாங்களா நீங்களா? செப்டிக் ஆயிருந்தா ஆரு பொறுப்பு? புத்துநோய்க்கு மருந்து ஏத்தறத இப்பத் தள்ளிப் போடோணும், அது தள்ளிப் போனா என்ன ஆகும்னு தெரியுமா?"ன்னு. நங்கையா கைய முந்தானைக்குள்ள கட்டிக்கிட்டு நிக்கறாங்க, பள்ளிக்கொடத்துல வெளிய நிக்க வெச்ச புள்ளையாட்ட. "நாந்தானுங்க. தெரியாமப் பண்ணிப்போட்டனுங்க"ங்கறாங்க. அவ்வளவுதான். அவங்க தம்பி ஊட்டுல எனக்குச் சட்டம் போட்ட வாயி, வெள்ளரிப்பிஞ்சுக்காரன வெரட்டுன வாயி, அன்னைக்கு என்ன ஆச்சு? "இவதானுங்க சூடு பத்தல பத்தலைன்னா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? இல்லைன்னு மறுத்திருப்பனா நான்? சொல்லவே இல்ல! அதுதான் எனக்குக் கோவம். இன்னைக்கு வரைக்கும் அதுதான் கோவம்.

நான் ஏஞ் சொல்லலன்னு கேக்கறயா? எங்கிட்ட அதக் கேக்கவே இல்லியே கண்ணு. ஆரு பண்ணுனதுன்னுதான் கேட்டாங்க.

ஏன் அப்படிப் பாக்கற? தண்ணி பாட்டல் இருந்தாக் குடு. தொண்டை காஞ்சு போச்சு.

மறுநாள் காலையில கெளம்பிட்டாங்க. சண்டை கிண்டை இல்ல. எனக்குத் தலை சீவி, பின்னி, கொக்கி மாட்டி உட்டாங்க. எங்கூட்டுக்காரரு இருங்கக்கான்னு மல்லுக் கட்டுனாரு, காட்டுல சோலி கெடக்குதுன்னுட்டாங்க. அவங்களுக்கு ஏது காடு? அது வித்து எந்தக் காலம்! கட்டலுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூலப் போட்டு, ஒரு பெரிய சொம்பு நெறையத் தண்ணி வெச்சாங்க. ரெண்டு எளநியச் சீவி, சொம்புக்குப் பக்கத்துல வெச்சாங்க. "தண்ணி நல்லாக் குடி அம்சா. டாக்டரம்மா குடிக்கச் சொன்னாங்க"ன்னாங்க. போயிட்டாங்க. நானும் குடிக்கல. அன்னைக்குப் பூரா அந்த எளநிய நான் தொடல. எனக்கு இல்லாத ரோசமா?

புண்ணு ஆறிருச்சு. நீரும் கொறஞ்சுபோச்சு, இப்பத் தளும்பல, லேசா ஒரு உப்பசம் அவ்வளவுதான். வர்ற திங்கக்கெழம மருந்து ஏத்த வரச் சொல்லிட்டாங்க. முடி கொட்டுமாம், வாந்தி வருமாம், சோறு எறங்காதாம். அதுக்கெல்லாம் நான் பயப்படல. பயமே இல்ல. என்னமோ ஊட்டுல ஒரு பொம்பளை இருந்தாத் தேவலைன்னு எங்கூட்டுக்காரருதான் போன் பண்ணுனாரு. நங்கையா என்ன சொல்றாங்களாம், "நான் வரல சாமி. என்ற கையி ஆகாத கையி. வந்தா மறுக்கா ஏதாச்சும் பண்ணிப்போடுவேன். அம்சா பொழைக்கோணும்"னு. ஆகாத கையாம்! புருசன் செத்தப்ப ஊருல எவளோ அப்படிச் சொன்னா. அத இத்தன வருசமா மனசுல வெச்சிருந்து, எங்கூட்டு விசயத்துல கொண்டாந்து பேசறாங்க. எனக்கு எப்படி வரும் ஆத்தரம்? நானே போன் பண்ணுனேன், எடுக்க மாட்டீங்கறாங்க. அதான் சட்டியக் குடுத்துட்டு நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுப்போட்டு வரலாம்னு.

என்ன கண்டக்டரே? டிக்கெட்டா? ஏறுனதும் வாங்கிட்டேன், இந்தா இருக்குது பாருங்க, குண்டடம். என்னத்துக்குச் சிரிக்கறீங்க?

கேட்டயா கண்ணு, "இன்னைக்காவது எறங்குவீங்களாக்கா?"ன்னு கேக்கறாரு. அவருக்கென்ன, ஆளு மாறித் தெரிஞ்சிருக்கும். பஸ்ஸுல ஆயிரம் பேரு வர்றாங்க.

சரி, வந்தேன். போன வாரமும் வந்தேன். அதுக்கு முந்தியும் ஒருக்கா வந்தேன். இதே சட்டியத் தூக்கிட்டு. எறங்கல. தாராபுரம் வரைக்கும் போயி, அங்க ஒரு டீயக் குடிச்சுப்போட்டு, எதிர் பஸ்ஸுல திரும்பிட்டேன். ஊட்டுல கேட்டதுக்கு, நங்கையா ஊட்டுல இல்லைன்னு சொன்னேன்.

ஏன்னா? என்னத்தச் சொல்றது. அவங்க ஊடு ரோட்டோரம்தான், இந்தப் பக்கம். அதுக்குத்தான் சன்னல் வேணும்னேன். போன வாரம் பஸ்ஸு நிக்குது, நானும் எந்திரிச்சுட்டேன். பாத்தா அவங்க வாசல்ல கொழாயில தண்ணி புடிச்சுட்டு இருக்கறாங்க. கொடத்தப் பீச்சாங்கையில தூக்குனாங்க. சோத்துக்கை மணிக்கட்டுல துணி சுத்தியிருக்குது. இன்னும் ஆறல. எனக்கு ஆறிருச்சு, அவங்களுக்கு ஆறல. கெளம்பற அன்னைக்குக் கொக்கி மாட்டும்போதே பாத்தேன், உள்பக்கம் பூராக் கொப்புளம், ஒண்ணு மேல ஒண்ணா. ஒவ்வொருக்காவும் அங்க வெச்சு வெச்சுத்தான பாத்தாங்க. எனக்கு மரத்துப்போன எடம், தெரியல. அவங்களுக்குத் தெரியும் கண்ணு. அவங்களுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் நான் கேட்டேன்னு மறுக்கா மறுக்கா வெச்சிருக்கறாங்க. ஆஸ்பத்திரியில என்ற அக்குள ஊரே பாத்துச்சு. முந்தானைக்குள்ள இருந்த அவங்க கைய ஒருத்தரும் பாக்கல.

நான் அழுகல. வெயிலு கண்ணுல அடிக்குது.

திங்கக்கெழம நான் ஒத்தையாப் போயி அந்தக் கட்டல்ல படுக்க மாட்டேன். சொல்லிப்போட்டேன் எங்கூட்டுக்காரருகிட்ட. அவங்க வந்தா மருந்து, வரலைன்னா மருந்து இல்ல. அவரு தலையில அடிச்சுக்கறாரு. அடிச்சுக்கட்டும். எனக்கு அவங்க வேணும்.

இது என்ன, குண்டடமா? அதுக்குள்ளயா வந்துருச்சு? சித்த இருங்க கண்டக்டரே, அதுக்குள்ள விசிலு ஊதாதீங்க! கண்ணு, அந்தா பாரு, பச்சச் சேலை, டீக்கடைக்கு அந்தப்பக்கம், பால் சொம்போட ரோட்டுக்கு வர்றாங்க. அவங்கதான். பாக்கறாங்களா? இங்க பாக்க மாட்டீங்கறாங்களே!

நங்கையா! ஏனுங் நங்கையா! இங்க! பஸ்ஸுல! நாந்தான் அம்சா! சூடு பத்தல பத்தலைன்னு கேட்டது நானு! நீங்க ஏன் அதச் சொல்லல? டாக்டரம்மா கேட்டப்ப ஏன் வாயத் தொறக்கல நீங்க? கேக்குதா? நாந்தான கேட்டேன்! நீங்க பாட்டுக்கு ஆகாத கையின்னா என்ன அர்த்தம்? திங்கக்கெழமைக்கு ஆரு வருவா எனக்கு?

என்ன சொல்றாங்க கண்ணு? காதுல உழ மாட்டீங்குது, இந்த ஆரன்காரன் வேற! ஓடியாறாங்களே, பாலெல்லாம் சிந்துது, என்ன சொல்லிக் கத்தறாங்க?

கைய உள்ள இழுக்கச் சொல்றாங்களா? எந்தக் கைய?

அட, ஆமா. சோத்துக்கையத்தான் நீட்டிட்டு இருக்கறேன், தலைக்கு மேல. எப்பத் தூக்குனேன் இத? ஐயோ, இப்பத்தான் வலிக்குது.

பாத்தயா அவங்கள, ரோட்டு நடுவுல நின்னுட்டு என்னைய அதட்டறாங்க. இப்பவும் அதே அதிகாரந்தான். வர்றேன், வர்றேன், கத்தாதீங்க! நகரு கண்ணு, நான் எறங்கோணும்.